ஊரெல்லாம் பகிர்ந்த சுவர்

மழை விடாமல் பிடித்துக்கொண்ட அந்த வாரத்தில் பிரான்சிஸ்காவின் குசினிக் கதவு, மூடவும் மாட்டேன் திறக்கவும் மாட்டேன் என்று பாதியில் நின்றுகொண்டது. அடுப்புப் புகை ஏறிய பலகை ஊறிப் போயிருக்கும் என்று நினைத்தாள். முழங்காலால் ஒரு இடி இடித்தாள். கதவு முனகிக்கொண்டு கொஞ்சம் நகர்ந்து மறுபடியும் நிலையில் சிக்கியது.

"என்னாங்க, இந்தக் கதவக் கொஞ்சம் வந்து பாருங்களேன்."

"ஒரு நிமிசம் புள்ள."

யேசுரத்தினத்தின் ஒரு நிமிஷங்களைச் சேர்த்து வைத்திருந்தால் அவளுக்கு இந்நேரம் ஆயுளில் ஒரு வருஷம் கூடியிருக்கும். அவன் வாசல் தூணில் சாய்ந்து, ஒரு கையை மழைக்குள் நீட்டி, போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தான். பசறையிலிருந்து நமுனுகுலைக்கு ஏறும் பாதையில், தோட்டத்து ஆட்கள் மேல்கணக்கு என்று சொல்லும் மேற்பிரிவில் இருந்தது, தேயிலைத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் அந்த லயம். அங்கே கவரேஜ் தானாக வந்தால் உண்டு. தூணோரம் ஒரு கோடு, தண்ணிப்பைப்பில் இரண்டு கோடு, மாதா சிலைக்குப் பக்கத்தில் சில நாள் மூன்று கோடு. மழைக்கு எல்லாம் போய், தூணோரம் மட்டும் மிச்சம்.

யேசுரத்தினம் பசறையில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் வேலை செய்கிறான். அது வயிற்றுக்கு. நெஞ்சுக்கு அவன் 'ஊவா மலைக்குரல்' என்ற பேஸ்புக் பேஜின் பிரதம ஆசிரியர். அப்படித்தான் அவன் கழுத்தில் தொங்கும் அட்டை சொல்கிறது. அட்டையை அடித்ததும் லேமினேட் பண்ணியதும் அவனேதான். பிரதம ஆசிரியருக்குக் கீழே வேறு ஆசிரியர்கள் கிடையாது. பெண்சாதி இருந்தாள். அவளுக்கு மூன்று கணக்குத் திறந்து கொடுத்திருந்தான்: அவள் பெயரில் ஒன்று, 'மலையக மங்கை' என்று ஒன்று, 'ஊவா சிங்கம்' என்று ஒன்று. காலையில் பெரட்டுக்குப் போய்க் கங்காணியிடம் பேர் கொடுப்பதற்கு முன், பிரான்சிஸ்கா மூன்று பேரிலும் லைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். சிங்கத்துக்கு மட்டும் கோபமாகக் கொமெண்ட் எழுதும் பொறுப்பும் இருந்தது. அதை ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் நிலுக்ஷி பார்த்துக்கொண்டாள்.

ஆதியில் அவன் வலைப்பூதான் வைத்திருந்தான். தேயிலையின் கண்ணீர் பற்றி ஒரு நீண்ட தொடர் எழுதினான். வாசித்தது அவனும் ஒரு ரோபோவும். அவன் வலைப்பூ எழுதப் பழகும்போது சனம் பேஸ்புக்குக்குப் போய்விட்டது. இவனும் போனான். பேஸ்புக்கில் நாலு பேர் அவனைத் தெரிந்துகொள்ளும்போது சனம் டிக்டொக்குக்கு நகர்ந்தது. இவன் ஒரு காலை அங்கேயும் வைத்தான். பசறை பஸ் ஸ்டாண்டில், ஓடிவந்து படியில் கால் வைக்கும்போதே பஸ்ஸை எடுத்துவிடுகிற டிரைவர்கள் அவனுக்குப் பழக்கம்தான். ஆனால் இந்த பஸ்ஸுக்கு டிரைவரும் தெரியவில்லை, போகிற ஊரும் தெரியவில்லை.

"நேத்துலருந்து ஒரு போஸ்ட்டும் போடல. ரீச் விழுந்துகிட்டே இருக்கு," என்றான், காய்ச்சல் ஏறுகிற பிள்ளையைப் பற்றிச் சொல்வது போல. "மர்ஸூக் ட்ரோன் வாங்கிட்டான் தெரியுமா? மேலருந்து எடுக்கிறான். நான் கீழ நின்னு என்னாத்த எடுக்க?"

மர்ஸூக் பசறையில் போன் கடை வைத்திருப்பவன். அவனுக்கும் ஒரு பேஜ் இருந்தது.

"மழைய எடுங்க."

"மழைய யாரு புள்ள பாப்பா? எல்லாரு வீட்டுலயும்தான் பெய்யுது."

பிரான்சிஸ்கா ரொட்டியைத் தட்டில் போட்டு, கட்டச்சம்பலை ஓரத்தில் வைத்து அவன் பக்கத்தில் வைத்தாள். அந்த நேரத்தில் போன் ஒரு துடி துடித்தது. கவரேஜ் வந்த கையோடு ஒரு படமும் வந்திருந்தது.

அனுப்பியவன் கட்டாரில் இருக்கும் றோய், பிரான்சிஸ்காவின் தம்பி. 'கொஸ்லந்தையாம் மச்சான். உடனே போடுங்க.'

படத்தில் ஒரு லயத்தின் பின்சுவர். கருங்கல்லும் காரையுமான பழைய சுவர். அதில் கூரையிலிருந்து அடி வரைக்கும் ஒரு வெடிப்பு, பென்சிலை நிறுத்தி வைத்த அகலத்தில்.

யேசுரத்தினத்தின் முகத்துக்கு இரத்தம் திரும்பி வந்தது. கொஸ்லந்தை என்றாலே ஊவா மாகாணத்தில் எல்லோருக்கும் மண்சரிவுதான் ஞாபகம் வரும். முன்பு அங்கே மண் லயங்களை ஆட்களோடு விழுங்கியிருக்கிறது. அவன் ரொட்டியை மறந்தான். 'அதிர்ச்சி! கொஸ்லந்தையில் லயம் வெடித்தது! மண்ணுக்கு இரையாகும் முன் பகிருங்கள்! பகிராதவன் மனிதனல்ல!' ஆச்சரியக்குறிகளை அவன் எப்போதும் தாராளமாகத்தான் போடுவான்.

பகிராதவர்கள் அந்தப் பிரதேசத்தில் யாரும் இல்லை என்று பகலுக்குள் தெரிந்துவிட்டது. பிரான்சிஸ்கா கொழுந்துக்கூடையும் இடுப்பில் கட்டிய படங்குமாக மலையிலிருந்து இறங்கும்போது, முன்னால் போன பெண்கள் எல்லோர் கையிலும் அந்தச் சுவர் இருந்தது.

"யாத்தாடி, இந்த மழையில அதுங்க எங்க போகும்?" என்றாள் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் பெரியாயி. "ஏன்டி பிரான்சி, ஒம்புருசன் போட்டதா இது?"

"ஆமாக்கா." அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. மறைப்பானேன்.

பின்னேரத்துக்குள் தோட்டத்துச் சங்கத் தலைவர் கந்தப்பன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டார். மழையில் வெள்ளைச் சட்டை போடுகிறார் என்றால் படம் எடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். "கொஸ்லந்த சனத்துக்கு நம்ம மேல்கணக்கு மொத ஆளா நிக்கணும்," என்றார். "பசறையிலருந்து காலைல லொறி போகுது. வீட்டுக்குக் கொஞ்சம் அரிசி, பருப்பு. சும்மா முணுமுணுக்கக் கூடாது."

யாரும் முணுமுணுக்கவில்லை. லயத்துச் சனம் லயத்துச் சனத்துக்குக் கொடுக்கக் கை தயங்குவதில்லை. பிரான்சிஸ்கா வாரத்துக்கு வைத்திருந்த அரிசியில் பாதியை மாப்பையில் கொட்டி, பழைய மஞ்சள் சேலையில் ஒரு கீற்றைக் கிழித்து வாயைக் கட்டிக் கொடுத்தாள். தலைவர் மூட்டைகளுக்கு நடுவே நின்றார். யேசுரத்தினம் எடுத்தான். "தலைவரே, கொஞ்சம் சோகமா," என்றான். தலைவர் கொஞ்சம் சோகமானார். மூட்டைகளை ஓட்டோவில் ஏற்றிப் பசறைக்கு அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகுதான் பிரான்சிஸ்கா அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, ஈரக் காலை நெருப்புக்கு நீட்டிக்கொண்டு, அந்தப் போஸ்ட்டைச் சாவகாசமாகப் பார்த்தாள். காலையில் மூன்று பேரில் லைக் போட்டதோடு சரி, படத்தை ஒழுங்காகப் பார்க்கவில்லை. கொமெண்டுகளை வாசிக்க வாசிக்க அழுகை வந்தது. அழுதுகொண்டே படத்தை விரலால் விரித்துப் பெரிதாக்கினாள். அடுத்தவர் துன்பத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்பதில் ஒரு ருசி இருக்கிறது. அவளுக்கும் இருந்தது.

வெடிப்புக்கு வலப்பக்கம், படத்தின் ஓரத்தில், சிவப்பாக ஒன்று. வட்டமாக.

இன்னும் பெரிதாக்கினாள். ஐஸ்கிரீம் டப்பாவின் மூடி. நாலு ஆணி. மூன்று நேராக, ஒன்று வளைந்து படுத்திருந்தது.

நிலுக்ஷி கோயிலில் முதல் நன்மை எடுத்த நாளுக்கு வாங்கிய ஐஸ்கிரீம் அது. அந்த மூடியை எலி வருகிற ஓட்டைக்கு வெளியிலிருந்து வைத்து, அம்மிக் குழவியால் அவளேதான் அடித்தாள். கடைசி ஆணி சறுக்கிக் கட்டைவிரலில் பட்டு, யேசுவே என்று கத்தினதும், யேசுரத்தினம் தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து "ஒரு நிமிசம்" என்றதும் அவளுக்கு ஞாபகம் வந்தது.

அழுகை நின்றுவிட்டது.

"என்னாங்க." போனோடு முன்பக்கம் போனாள். "என்னாங்க! இது நம்ம லயம்."

யேசுரத்தினம் முன் காம்பராவில் கண்ணாடி முன்னால் நின்று தலை சீவிக்கொண்டிருந்தான். "எது?"

"இந்தப் படம். இது நம்ம குசினிக்குப் பின்பக்கம்."

அவன் சிரித்தான். "வெள்ளக்காரன் எல்லாத்தையும் ஒரே பிளானுல கட்டினான் புள்ள. பசறையிலருந்து கொஸ்லந்த வரைக்கும் எல்லா லயத்துக்கும் முதுகு ஒண்ணுதான்."

"மூடி இருக்குங்க. நான் அடிச்ச மூடி."

"ஐஸ்கிரீம் ஒனக்கு மட்டுமா விக்கிறான்?"

"ஆணி வளைஞ்சிருக்கு."

"ஆணி அடிக்கத் தெரியாத பொம்பள கொஸ்லந்தையிலயும் இருப்பா." சீப்பை வைத்தான். "ஆறு மணிக்குக் கொழும்புலருந்து ஒரு சேனல்காரங்க எடுக்கிறாங்க. நேரலை. கொஸ்லந்தையிலருந்து நம்ம செய்தியாளர்னு போடுவாங்களாம்."

"நீங்க எங்க கொஸ்லந்தையில இருக்கீங்க?"

"வாசல்ல நின்னா யாருக்குத் தெரியும்? எல்லா லயமும் ஒண்ணுதானே."

அவள் மழைக்குள் இறங்கினாள்.

லயத்தின் பின்பக்கத்துக்கு யாரும் போவதில்லை. மலையை வெட்டிக் கட்டிய லயம் அது. சுவருக்கும் மண்மேட்டுக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற அளவு இடம். அதில் ஒரு கான் ஓடும். மழைக்காலத்தில் அட்டையும் பன்னச்செடியும் அதை எடுத்துக்கொள்ளும். பிரான்சிஸ்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனாள். கான் தண்ணீர் பால்தேத்தண்ணி நிறத்தில் ஓடியது.

மூடி இருந்தது. பக்கத்தில் வெடிப்பும் இருந்தது. போனை எடுத்துப் படத்தைச் சுவருக்குப் பக்கத்தில் பிடித்தாள். படத்தில் பென்சில் அகலம். சுவரில் அவள் கையை வைத்தாள். கை மணிக்கட்டு வரைக்கும் உள்ளே போனது. குனிந்து பார்த்தாள். உள்ளே சுவரை மறைத்து அடுக்கியிருந்த விறகு சரிந்த சந்து வழியே, தன் அடுப்பு எரிவது தெரிந்தது.

கதவு ஏன் மூடவில்லை என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

மூடியைப் பிடித்து இழுத்தாள். ஊறிய காரை ஆணியைச் சண்டை பிடிக்காமல் விட்டுக்கொடுத்தது. அதுவே அவளை இன்னும் பயமுறுத்தியது. மூடியோடு முன்பக்கம் ஓடிவந்தபோது, பெரியாயி வாசலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். தலைவர் கந்தப்பன் அங்கேயே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, எல்லாரும் வெளிய வாங்க. அந்த வெடிப்பு நம்ம லயத்துல. பின்னுக்கு. கை உள்ள போகுது."

"எந்த வெடிப்பு?"

"போன்ல பாத்தீங்களே, அது!"

பெரியாயி போனை எடுத்துப் பார்த்தாள். "கொஸ்லந்தன்னுதானே போட்டிருக்கு?"

"அவரு தெரியாம போட்டுட்டாரு."

"ஒம்புருசன் பத்திரிகைக்காரரு. தெரியாமலா போடுவாரு?" என்றார் தலைவர். "ஆயிரக்கணக்குல ஷேர் போயிருக்கு பாரு. அவ்வளவு பேருமா முட்டாளு? அரிசி வேற அனுப்பியாச்சு."

"தலைவரே, மூடியப் பாருங்க!"

"மூடி நல்லாத்தானே இருக்கு," என்றார் தலைவர்.

பிரான்சிஸ்காவுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. அவள் வாழ்க்கையில் ஒரு தடவையாவது சனம் அவள் புருஷன் சொன்னதை நம்ப வேண்டும் என்று மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறாள். ஆண்டவர் பார்த்துப் பார்த்து இந்த நாளைத் தெரிந்தெடுத்திருந்தார்.

கடைசிக் காம்பராவிலிருந்து ரமேஸ் எட்டிப் பார்த்தான். தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை அவனுக்கு. "என்னாக்கா சத்தம்?" போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது நான் எடுத்த படமாச்சே," என்றான்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"முந்தாநாளு விறகுக்குப் பின்னுக்குப் போனேன். வெடிச்சிருந்திச்சி. அன்னைக்கே நம்ம லயத்து வட்ஸ்அப் குரூப்புல போட்டேனே."

"போட்டியா? நீ ஒண்ணும் சொல்லலியேடா!" என்றாள் பெரியாயி.

"எழுத நேரமில்லக்கா. நம்ம சுவரு நமக்குத் தெரியாதான்னு நெனச்சேன். எல்லாரும் பாத்துட்டுக் கும்புடுற கை போட்டுட்டுப் போனீங்க. தலைவரு அழுற மொகம் போட்டாரு."

தலைவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். அவருடைய அழுகிற முகம் இப்போது நிஜமாகவே வரும் போல இருந்தது. நாளுக்கு நூறு படம் வருகிற குரூப் அது. பூ, சாமி, குட் மோர்னிங், ஆக்சிடென்ட். அதில் அவர்கள் லயத்தின் முதுகும் வந்திருக்கிறது. யாரோ அதை வேறொரு குரூப்புக்குத் தள்ள, அங்கே இன்னொருவன் கொஸ்லந்தை என்று நினைக்க, கடல் தாண்டிப் போய், அந்தச் சுவருக்குள்ளேயே பிறந்து வளர்ந்த றோய்க்குக்கூட அடையாளம் தெரியாமல், வீடு திரும்பியிருந்தது.

யேசுரத்தினம் சட்டையை இன் பண்ணிக்கொண்டு வாசலுக்கு வந்தான். கழுத்தில் அட்டை. பிரான்சிஸ்கா அட்டையின் நாடாவைப் பிடித்து, கன்றை இழுப்பது போல அவனைப் பின்பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவன் பார்த்தான். கையை உள்ளே விட்டான். எடுத்தான். பிறகு, கை பழக்கத்தில், போனைத் தூக்கிச் சுவருக்குக் காட்டினான்.

"படம் புடிச்சீங்கன்னா," என்றாள் பிரான்சிஸ்கா, "கான்ல தள்ளிவிட்டுட்டு நான் புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போயிருவேன்."

போனை இறக்கினான். முகம் சாம்பலாகியிருந்தது. "லைவ் போட்டுச் சொல்லட்டுமா?"

"யாருக்கு? கட்டாருக்கா? இந்தா பத்தடி தள்ளி பெரியாயிக்கா இருக்கு. வாயத் தொறந்து சொல்லுங்க."

அவன் திறந்தான். வருஷக்கணக்காக விரலால் மட்டுமே கத்தியவனுக்கு முதலில் காற்றுதான் வந்தது. பிறகு குரல் வந்தது. ஆச்சரியக்குறி ஒன்றுகூட இல்லாத, நடுங்குகிற, அசிங்கமான குரல். "நம்ம லயம்தான்! நான் பொய் போட்டுட்டேன்! எறங்குங்க, எல்லாரும் எறங்குங்க!" காம்பரா காம்பராவாகத் தட்டிக்கொண்டு ஓடினான். ரமேஸ் அந்தப் பக்கத்திலிருந்து தட்டினான். தலைவர் வெள்ளைச் சட்டையோடு யாருடைய கட்டிலிலோ படுத்திருந்த வாதக்காரரைத் தோளில் போட்டுக்கொண்டார். அதை யாரும் படம் எடுக்கவில்லை.

வெளிச்சம் போவதற்குள் எல்லோரும் கீழே ரோட்டோரத்துப் பள்ளிக்கூடத்துக்கு இறங்கினார்கள். நிலுக்ஷியைக் கையில் பிடித்து, தலையில் துணிமூட்டையோடு யேசுரத்தினம் படி இறங்கும்போது போன் அடித்தது. சேனல்காரர்கள்.

"கொஸ்லந்தையில இருக்கீங்களா சேர்? ரெடியா?"

"நான் அங்க இல்ல. அந்தப் படம் எங்க லயம். பசறைப் பக்கம். நான்தான் பிழையாப் போட்டேன்."

அந்தப் பக்கத்தில் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. "அப்ப பரவாயில்ல. நாங்க வேற ஆளப் பாக்குறோம்."

விடிகிற நேரத்தில் மேலேயிருந்து ஒரு சத்தம் வந்தது. பெரிய சத்தமும் இல்லை. லொறியிலிருந்து கல் கொட்டுகிற மாதிரி ஒன்று, பிறகு தகரம் நெளிகிற மாதிரி ஒன்று. பள்ளிக்கூடத்துக்குள் எல்லோரும் எழும்பி உட்கார்ந்தார்கள். பெரியாயி, "என் கோழி," என்றாள்.

ரமேஸ் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். பின்சுவர் குசினிகளோடு போய்விட்டது. மண் முன் காம்பராவுக்குள்ளும் வந்து கட்டில் உயரத்துக்கு நிற்கிறது. பிரான்சிஸ்கா மகளின் தலையைத் தன் மடியில் இன்னும் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டாள். நிலுக்ஷி படுக்கிற கட்டில் பின்பக்கம்தான்.

சாப்பிட ஒன்றும் இல்லை. அரிசி இருந்த குசினிகள் மண்ணுக்குக் கீழே. மீதி அரிசி கொஸ்லந்தைக்கு.

யேசுரத்தினம் சுவரோரம் குந்தியிருந்தான். ராத்திரியே அவன் திருத்தம் போட்டிருந்தான். திருத்தத்துக்கு விழுந்த லைக்குகள் எல்லாம் அந்த மண்டபத்துக்குள் இருந்தவர்களுடையவை. பழைய போஸ்ட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நிலுக்ஷி எட்டிப் பார்த்து வாசித்தாள்: "'கொஸ்லந்தை மக்களுக்குப் போற நிவாரணத்தத் தட்டிப் பறிக்க பசறைக்காரன் போடுற நாடகம். இவன நம்பாதீங்க.' நெறயப் பேர் லைக் போட்டிருக்காங்க அப்பா."

"யாரு எழுதினது?"

நிலுக்ஷி தயங்கினாள். "றோய் மாமாவோட சினேகிதர்."

அப்போதுதான் ரோட்டில் லொறி ஏறுகிற சத்தம் கேட்டது. முகப்பில் பெனர். 'கொஸ்லந்தை உறவுகளுக்கு பசறை மக்களின் கண்ணீர்.' பெனரில் அந்தச் சுவர், மழையில் நனைந்து நிறம் கரைந்துகொண்டு. யேசுரத்தினம் ரோட்டுக்கு ஓடிக் கையைக் காட்டினான். லொறி மெதுவானது. டிரைவருக்குப் பக்கத்தில் இருந்த இளந்தாரி கண்ணாடியை இறக்கினான்.

"தம்பி, கொஸ்லந்தைக்குப் போக வேணாம். அது நாங்கதான். நாங்க இங்க இருக்கோம்."

"போங்கண்ணே. கொஸ்லந்தையில லயம் வெடிச்சிருக்கு. பாக்கலியா?" அவன் போனைத் தூக்கிக் காட்டினான். 'ஊவா மலைக்குரல்'. யேசுரத்தினத்தின் ஆச்சரியக்குறிகள் எல்லாம் வரிசையாக நின்றன. "எங்கள மாதிரி ஆளுங்க சொல்லலன்னா ஒங்களுக்கு ஒண்ணுமே தெரியாது."

பிரதம ஆசிரியர் கழுத்து அட்டையைத் தடவிப் பார்த்தார்.

லொறி கியர் போட்டது. பின்னால், படங்குக்குக் கீழே, மஞ்சள் சேலைக் கீற்றால் வாய் கட்டிய மூட்டை ஒன்று பிரான்சிஸ்காவுக்குத் தெரிந்தது.

அவள் நடந்து போய் லொறிக்கு முன்னால், நட்டநடு ரோட்டில், ஈரத்தில் உட்கார்ந்தாள். டிரைவர் ஹோர்ன் அடித்தான். அவள் எழும்பவில்லை. இறங்கி வந்த இளந்தாரியின் கையிலிருந்த போனைத் தன் பக்கம் திருப்பி, படத்தை விரலால் விரித்தாள். மடியிலிருந்து சிவப்பு மூடியை எடுத்து, திரைக்குப் பக்கத்தில் வைத்தாள். மூன்று ஆணி நேராக. ஒன்று வளைந்து.

இளந்தாரி மூடியைப் பார்த்தான். போனைப் பார்த்தான். பள்ளிக்கூட வாசலில் வந்து நின்ற சனத்தைப் பார்த்தான். திரும்பி டிரைவரைப் பார்த்தான். டிரைவர் எஞ்சினை நிறுத்தினான்.

இளந்தாரியின் கண் மெல்ல விரிந்தது. ஓரடி பின்னால் போனான். போனை உயர்த்தி, மூடியும் அவள் முகமும் ஒன்றாக விழுகிற மாதிரிச் சரிபார்த்தான்.

"மொதல்ல அரிசிய எறக்கு தம்பி," என்றாள் பிரான்சிஸ்கா. "பொறவு புடி."